செத்துட்டா அக்கா

அவருடைய உண்மையான பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'செத்துட்டா அக்கா' என்றால் மூலக்குளம் முழுக்கத் தெரியும். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்றாலும் அது அவர் காதுக்குப் போகாமல் இல்லை. ஒருமுறை என்னிடமே சொன்னார்: "எனக்கு இன்னா பேரு வச்சிருக்கீங்கன்னு தெரியும். போர்டு மாட்டற செலவு மிச்சம், வுடு."

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் அவர். மற்ற ஏஜென்ட்டுகள் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வரிச்சலுகை என்று ஆரம்பித்து, கடைசியில் குரலை இறக்கி, "ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா…" என்று இழுப்பார்கள். அந்த இழுவை இவருக்குப் பிடிக்காது. "ஒண்ணுன்னா என்ன ஒண்ணு? காய்ச்சலா? காலு சுளுக்கா?" என்பார். அப்புறம் அந்த வீட்டு ஆண்பிள்ளையை நேராகப் பார்த்து, சாப்பிட்டீங்களா என்று கேட்கிற அதே குரலில் கேட்பார்: "நீங்க செத்துட்டா?"

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கேட்டார். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். வாடகை வீடு. மகள் அப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தாள். என் கணவருக்கு டவுனில், உப்பனாறு வாய்க்காலை ஒட்டிய தெருவில், மெத்தைக் கடை. அவர் பஞ்சு அடைப்பார், நான் உறை தைப்பேன். கடைக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருந்தவர்தான் இந்த அக்கா. ஒரு தலையணை வாங்க வந்து, பேச்சுக்கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

ஐம்பதை நெருங்கும் வயது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் கறுப்பு ரெக்ஸின் பை. உள்ளே வந்ததும் உட்காரவில்லை. தலையைத் தூக்கி ஃபேன் கொக்கியைப் பார்த்தார். சுவரில் ஓடிய ஒயரைப் பார்த்தார். தண்ணீர் கசிந்து உப்புப் பூத்திருந்த மூலையைப் பார்த்தார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் செய்வார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டைப் பார்த்து முடித்து, மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என் கணவரிடம் கேட்டார்:

"சார், நீங்க நாளைக்கி செத்துட்டா இந்தப் புள்ளைக்கி பால் வாங்கற காசு எங்கேர்ந்து வரும்?"

அடுக்களையிலிருந்து என் மாமியார் கரண்டியோடு வந்துவிட்டார்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல இன்னா பேச்சு பேசற நீ? எம் புள்ள நூறு வருஷம் இருப்பான். எழுந்திரு முதல்ல!"

"இருக்கட்டும்மா. நூறு வருஷம் இருந்தா எனக்கும் சந்தோஷம்தான்" என்றார் அவர், எழுந்திருக்காமல். "ஆனா பால்காரன் மாசாமாசம் வருவானே?"

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் உள்ளே போய், வாசலில் ஒரு சொம்பு தண்ணீரைத் தெளித்துவிட்டு வந்தார். அக்கா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி குழந்தையின் கொலுசைத் திருகிக்கொண்டிருந்தார்.

பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர்களை இங்கே அப்படித்தான் சொல்வோம். அந்தப் பெரியவர் போய்ப் பல வருஷமாகியும் அவர் மனைவிக்கு பிரான்சிலிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அக்கா கையை அந்தப் பக்கம் நீட்டினார். "அந்த வூட்ல செத்தாலும் பணம் அனுப்ப ஒரு சர்க்காரு இருக்கு. உங்க வூட்டுக்கு யாரு அனுப்புவா? மெத்தை அனுப்புமா?"

அவர் காட்டிய பாலிசி என் கணவருக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தால் கட்டிய பணம் திரும்பி வராது. இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பெரிய தொகை வரும்.

"அப்ப நான் உயிரோட இருந்தா நஷ்டமா?"

"ஆமா. அந்த நஷ்டம் வரணும்னுதானே உங்கம்மா தினம் சாமி கும்புடறாங்க? நானும் கும்புடறேன்."

திரும்பி வருகிற மாதிரி வேறு பாலிசி இல்லையா என்று என் கணவர் கேட்டார். இருக்கிறது, அதில் ஏஜென்ட்டுக்குக் கமிஷனும் அதிகம் என்று அக்காவே சொன்னார். "ஆனா நீங்க கட்டற காசுக்கு அதுல வர்ற தொகைய வச்சி ஒரு வருஷம்கூட தள்ள முடியாது. சேக்கறதுக்கு பேங்க் இருக்குது. இது செத்தா சோறு போடறதுக்கு."

ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு தகராறு. என் கணவருக்குச் சர்க்கரை இருப்பது அந்த வருஷம்தான் தெரியவந்திருந்தது. கொஞ்சம்தானே, அதை எழுத வேண்டாம் என்றார். அக்கா எடுத்த காகிதங்களை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அப்ப வேணாம் தம்பி. நீங்க செத்தப்புறம் கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரி சீட்டெல்லாம் தேடிப் பாப்பான். மறைச்சது தெரிஞ்சா இல்லன்னு சொல்லிடுவான். அன்னிக்கி நீங்க இருக்கமாட்டீங்க, இவங்கதான் போயி நிக்கணும். நீங்க சொன்ன பொய்க்கு இவங்க ஏன் நிக்கணும்?"

'சார்' எப்போது 'தம்பி' ஆனது என்று யாரும் கவனிக்கவில்லை. சர்க்கரையை எழுதினோம். கட்டுகிற தொகை கொஞ்சம் கூடியது. அன்று இரவு படுத்துக்கொண்டு என் கணவர் சொன்னார்: "அந்தம்மா புருஷன எப்பவோ பறிகொடுத்திருக்கும். அதான் இப்படிப் பேசுது."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மறுவாரமே ஸ்கூட்டியின் பின்னால் ஒரு ஒல்லி மனிதரை உட்காரவைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். காலாப்பட்டு போகிற பஸ்ஸில் கண்டக்டர். அக்காவின் கணவர்.

"எல்லாரும் நான் தாலி அறுத்தவன்னு நெனைக்கிறீங்களாமே. இதோ, உயிரோட இட்டாந்துருக்கேன். பாத்துக்குங்க."

கண்டக்டர் பெரிய கும்பிடாகப் போட்டார். "நல்லாத்தாங்க இருக்கேன். ஆனா தினமும் எத்தினி வூட்ல என்ன சாவடிக்கிறா தெரியுமா? 'எம் புருஷன் செத்துட்டாருன்னு வச்சிக்குங்க'ன்னுதான் கணக்கே ஆரம்பிப்பா. என் பொறந்தநாளு அன்னிக்கி கூட வுடலீங்க."

"ஒம்மேல பாலிசி இருக்குது, தைரியமா சொல்றேன்" என்றார் அக்கா. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்படிச் சிரித்துக்கொள்கிற புருஷன் பெண்டாட்டியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் எல்லா வீட்டிலும் அந்தச் சொல் சிரிப்பில் முடிந்துவிடவில்லை.

ஒருநாள் மீன் வாங்க அவரோடு தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போனேன். ஏலம் முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. மீன் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் அக்காவைப் பார்த்ததும் எழுந்து வந்து, நாலைந்து சங்கராவை அவர் கூடையில் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார். அக்கா பணத்தை எடுக்கவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

திரும்பி வரும்போது கேட்டேன்.

"அவ புருஷன் கடல்ல செத்துட்டாரு" என்றார். "பாலிசி எடுத்து ஒரு வருஷம் கூட ஆவல. சாவு வூட்டுக்கு மாலையோட போனேன். உள்ள வுடல. என் வாய்தான் அவன காவு வாங்கிச்சுன்னு அவ மாமனாரு மண்ண வாரி எறிஞ்சாரு. அவளும் பாத்துக்கிட்டுதான் இருந்தா."

"அப்புறம்?"

"தெருவுலயே நின்னேன். பொணத்த எடுத்தப்புறம் வந்துட்டேன். கருமாதி முடிஞ்சி மறுபடி போனேன். சர்டிபிகேட் வாங்கணுமே, கையெழுத்து வாங்கணுமே. அவங்களா வருவாங்க? அப்பவும் கதவ சாத்துனாங்க. அப்புறமா ஒருநாள் தொறந்தாங்க."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அந்தப் பணத்தில்தான் பிள்ளைகள் இரண்டும் படிக்கின்றன, கடன்காரர்கள் படகைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்தது என்பதையெல்லாம் வேறு யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அன்று வண்டியின் பின்னால் உட்கார்ந்தபடி, "ஏன்க்கா இப்படிப் போட்டு ஒடைக்கறீங்க? கொஞ்சம் பூசி மெழுகிச் சொன்னா யாரும் ஏசமாட்டாங்க இல்ல?" என்று கேட்டேன்.

சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பாமலே சொன்னார்: "எங்கப்பா செத்தப்ப எனக்குப் பதினாலு வயசு. அந்த வார்த்தைய எங்க வூட்ல யாரும் சொன்னதே இல்ல. வாயால சொன்னா வந்துடும்னு பயம். சொல்லாமலே வந்துச்சு. வந்தப்ப எங்கம்மாவுக்கு எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியல. ஏன்னா யாரும் அதப்பத்தி ஒருநாளும் யோசிக்கல." பச்சை விழுந்தது. வண்டியை எடுத்துவிட்டார்.

ஆளுக்குப் பாலிசி எடுத்து இரண்டு மூன்று வருஷம் கழித்து, கடைக்கும் எடுக்கச் சொல்லி அக்கா நச்சரிக்க ஆரம்பித்தார். என் கணவர் கேலியாக, "கடை சாவுமா அக்கா?" என்றார்.

"சாவும். ஒரு நெருப்புக்குச்சி போதும். ஒரு மழை போதும்."

நெருப்புக்குச் சம்மதித்தார். பஞ்சு இருக்கிற இடம், அந்தப் பயம் எப்போதும் உண்டு. புயலும் வெள்ளமும் சேர்ந்த பகுதியை மட்டும் நீக்கிவிட்டால் கட்டுகிற தொகை குறையும் என்று தெரிந்ததும் அதை நீக்கச் சொன்னார். "எங்கப்பா காலத்துலேர்ந்து அந்தத் தெருவுல கடைக்குள்ள தண்ணி வந்ததே இல்ல."

"உங்கப்பா காலத்துல அந்த வாய்க்கா எவ்ளோ அகலம் இருந்துச்சி? இப்ப எவ்ளோ இருக்குது?"

என் கணவர் வெள்ளத்தையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டார். வாய்க்கால் ஓரமெல்லாம் கட்டடமாகிவிட்டதை நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அக்கா அந்த 'வெள்ளம்' என்ற வார்த்தை அச்சில் இருக்கிற இடத்தை என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டிவிட்டுத்தான் போனார். அடுத்த கடை மளிகைக்காரரிடமும் பேசிப்பார்த்தார். அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சுற்றி ரோட்டில் எறிந்துவிட்டு, "காலங்காத்தால வந்துடாதம்மா" என்றார்.

சில வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. புதுப்பிக்கிற நாள் வரும்போதெல்லாம் என் கணவர் முணுமுணுப்பார். நானும் முணுமுணுத்திருக்கிறேன்.

பிறகு அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கமாகவே கரையைக் கடந்து, நகராமல் நின்று, ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடிந்தபோது மின்சாரம் இல்லை, போன் இல்லை. கார்த்திகை முகூர்த்தங்களுக்குச் சீர் மெத்தைகள் செய்து கடை கூரைவரை அடுக்கியிருந்தோம். எங்கள் கடை வாழ்க்கையிலேயே அவ்வளவு சரக்கு இருந்ததில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வந்துவிட்ட மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, பைக்கில் இருவரும் கிளம்பினோம். மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம். கடைத் தெருவுக்குள் நுழைந்ததும் இடுப்பளவு தண்ணீர். காப்பி நிறத்தில், ஓலையும் பிளாஸ்டிக் நாற்காலியும் செருப்புமாக மிதந்துகொண்டு போனது.

கடை ஷட்டரின் பூட்டு தண்ணீருக்குள் இருந்தது. என் கணவர் சாவியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

"தம்பி! தொறக்காத!"

எதிர்வீட்டு மாடியில் அக்கா, கம்பியைப் பிடித்துக்கொண்டு.

"மேல் வரிசை நனைஞ்சிருக்காதுக்கா! பரண்ல ஏத்திட்டு வந்துடறேன்!"

"நனையட்டும்! உள்ள கரண்டு எங்க நிக்குதுன்னு உனக்குத் தெரியுமா? மெத்தைக்கு பாலிசி இருக்குது, வா மேல!"

"எனக்குந்தான் போட்டு வச்சிருக்கீங்களே!" என்று கத்தினார் இவர். கோபத்தில் சொன்னாரா, விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

 அக்காவின் குரல் வேறு மாதிரி வந்தது.

"அது உனக்கு இல்லடா, இவளுக்கு. உன்னத் திருப்பிக் குடுக்கற பாலிசி எந்தக் கம்பெனிலயும் கெடையாது. மேல வாடா."

என் கணவர் குனிந்தபடியே நின்றார். நான் அவர் சட்டையைப் பிடித்திருந்தேன், ஆனால் இழுக்கவில்லை.  உள்ளே இருந்தது எங்கள் மொத்த உழைப்பு. பிறகு அவர் நிமிர்ந்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு எதிர்வீட்டுப் படியேறினார்.

அக்கா துண்டு கொடுத்தார். கண்டக்டர் கடுங்காப்பி போட்டார். நாங்கள் குடித்துக்கொண்டிருக்கும்போதே மளிகைக்காரர் வந்தார். அக்கா அவரையும் கூப்பிட்டார். அவர் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. ஷட்டரைப் பாதி தூக்கி, அரிசி மூட்டைகளை நோக்கி உள்ளே நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு அலறல் கேட்டது. கீழ்த்தட்டில் வைத்திருந்த இன்வெர்ட்டர்.

முதலில் ஓடியது கண்டக்டர்தான். மாடியில் துணி காயப்போட்டிருந்த மூங்கிலை உருவிக்கொண்டு இறங்கினார். எங்கள் கடைப் படிமேட்டில் ஏறி நின்று, மூங்கிலால் அந்த மனிதரை ஒயரிலிருந்து தள்ளிவிட்டு, சட்டைக் காலரில் மாட்டி வெளியே இழுத்தார். மாடியில் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒவ்வொரு வீட்டிலும் தன் புருஷனைச் சாகடித்துக் கணக்குச் சொன்னவர்.  கண்டக்டர் திரும்பிப் படியேறி வந்ததும் அக்கா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அப்புறம்தான் அழுதார்.

மளிகைக்காரர் பிழைத்துவிட்டார். தீயணைப்புப் படகு வந்து தூக்கிக்கொண்டு போனது. வலது கை வெந்து, பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா பார்க்கப் போனபோது, "இன்னும் நீ வரலியேன்னுதான் பாத்துக்கினு இருந்தேன், பேப்பர எடு" என்றாராம். மூட்டைகள் போனது போனதுதான். இரண்டு வருஷம் கஷ்டப்பட்டார். எங்களுக்குக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்த்து, இது கழிவு, அது தேய்மானம் என்று கொஞ்சம் குறைத்தார்கள். அக்கா அந்த அலுவலகத்துக்கு நடையாக நடந்து சண்டை போட்டார். முழுதும் வரவில்லை. கல்யாணக்காரர்களுக்கு வாங்கிய முன்பணத்தைத் திருப்பி, புதுப் பஞ்சு வாங்கி, கடையின் தரையை இரண்டடி உயர்த்துகிற அளவுக்கு வந்தது. கடை இன்னும் அங்கேதான் இருக்கிறது. கண்டக்டர் ஓய்வு பெற்றதும் அவரும் அக்காவும் ஓசூரில் இருக்கிற தங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

என் மனதில் அவர் எப்போதும் நிற்பது அந்த வெள்ளத்துக்கு மறுநாள் மத்தியானம்தான்.

தண்ணீர் வடிந்து, காலையில் கடையைத் திறந்தோம். ஊறிய மெத்தைகள் பருத்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. சேறும் ஊறிய பஞ்சின் வாடையும் மூச்சை அடைத்தது. பரணும் சரிந்து விழுந்திருந்தது. அது விழுந்த இடம், மெத்தை ஏற்ற ஒரு ஆள் நிற்கிற இடம். என் கணவர் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, ரசஞ்சோறு கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, பாயைப் போட்டுப் படுத்துவிட்டார். பகலில் தூங்குகிற மனிதரே இல்லை அவர்.

அக்கா சேறு தெறித்த புடவையோடு வந்தார். எதையும் தூக்கிப் போடாதீங்க, போட்டோ எடுக்கணும், கம்பெனிக்கு இன்னிக்கே சொல்லணும் என்று வாசலிலிருந்தே ஆரம்பித்தவர், "எங்க தம்பி?" என்றார். அறையைக் காட்டினேன்.

மெதுவாகப் போய்க் கதவோரம் நின்றார். இந்தத் தடவை கூரையையோ ஒயரையோ அவர் பார்க்கவில்லை. மல்லாந்து தூங்குகிற என் கணவரின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமியார் அடுக்களையிலிருந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார். மூன்று பேரும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றோம். லேசாகக் குறட்டை வந்தது.

"எழுப்பவா அக்கா?"

"வேணாம்" என்றார். "கொசு கடிக்குது பாரு. ஒரு போர்வைய எடுத்துப் போத்துங்க."